பயனுறு உரிமையாளர்

முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன்.
முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி.
எனக்கு இருப்பது ஒரு பெயர்,
அதன் தலையில் ஓர் எழுத்து.
ச. மங்கையர்க்கரசி.
சானாவை விரித்தால் அப்பா வருவார்.
பான் அட்டைக்காரர்கள் எப்போதோ விரித்துவிட்டார்கள்.
ஆகவே அமெரிக்க வரித்துறைக்கு
இனி நான் திருமதி சஞ்சீவிராயன்.

நிரந்தர முகவரி கேட்டது.
வாடகை வீடு, பதினோரு மாத ஒப்பந்தம்.
பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று,
சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ.
நடுவில் சாய்கோடு போட்டால் பெட்டி சிவக்கிறது.
பழையதை விட்டுவிட்டேன்.
தபால்காரருக்குப் பழையதுதான் தெரியும்.

பிறந்தது நவம்பர் ஏழு.
அங்கே மாதம் முன்னால் வருமாம்.
கவனிக்காமல் தட்டியதில்
ஜூலை பதினொன்றில் பிறந்து
நாலு மாதம் மூத்துப்போனேன்.

இத்தனையும்
மூன்று வருடத்தில் சேர்ந்த
நாற்பத்தொரு டாலர் அறுபது சென்ட்டுக்கு.
லாரித் தடம் பதிந்த பாலாற்று மணல்,
நீலத் தட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்,
கோட்டை அகழியில் குப்புற மிதந்த ஒற்றைச் செருப்பு,
எல்லாம் ஏற்றிப் பார்த்தேன்.
செருப்பை ஒருவரும் சீண்டவில்லை.

விற்றது ஒன்றே ஒன்று.
மின்கட்டண ரசீதும் கால்குலேட்டரும் எதிரில் கிடக்க
நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆள்.
முகம் தெரியாது.
கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்திருக்கும்,
கடை ஷட்டரில் நசுங்கியது.
என் வீட்டுக்காரர். பெயர் தனகோட்டி.
நடிக்கச் சொல்லவில்லை,
'அப்படியே இருங்க' என்றேன், அவ்வளவுதான்.
குறிச்சொற்கள்: கடன், கவலை, வரி, ஆண், ஆசியா.
தனகோட்டியை ஒருதரம் இறக்கிக்கொள்ள
முப்பத்துமூன்று சென்ட்.

படிவம் தராவிட்டால் நூற்றுக்கு முப்பது பிடிப்பார்கள்.
இரண்டு அரசாங்கங்கள் என்றோ கைகுலுக்கி எழுதியதில்
எனக்கும் ஒரு வரி இருக்கிறதாம், பதினைந்து போதுமென்று.
ஆனால் எந்தப் பிரிவு, எந்தப் பத்தி என்று
நான்தான் சொல்லவேண்டும்.

ஆபீசர்ஸ் லைன், எக்ஸ்ரே சென்டருக்கு மேல்மாடி,
ஆடிட்டர் குலோத்துங்கன்.
வெயிலுக்குக் கையை மறைத்து நிமிர்ந்தால்
ஃபிளெக்ஸ் போர்டு: 'வரிக் கவலையா? உடனே வாங்க!'
பக்கத்தில் ஆறடி உயரத்துக்குத் தனகோட்டி.
அதே நெற்றி. அதே நகம்.
ரசீதில் எங்கள் மின் இணைப்பு எண்கூடப் படிக்கலாம்.
மார்புக்குக் குறுக்கே வெளிறிய கம்பெனி முத்திரை.
காசு கொடுத்திருந்தால் அது போயிருக்கும்.

'பிரிவு பன்னிரண்டு, ராயல்டி' என்றார் ஒரே மூச்சில்.
'போட்டோவெல்லாம் யாரும்மா வாங்கறாங்க?'
சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன்.
ஃபீஸ் ஐநூறு என்றார்.
எனக்கு மிச்சமாகும் வரியும் ஏறக்குறைய அதேதான்,
ஷேர் ஆட்டோவுக்குத் தேறும்.

'கீழ போர்டுல இருக்கறவரு எங்க வீட்டுக்காரரு' என்றேன்.
சன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'டிசைன் பண்ற பையன் நெட்லேர்ந்து எடுத்தது...'
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
'நானூறு குடுங்க.'
கொடுத்து ரசீது வாங்கினேன்.
அதிலும் சஞ்சீவிராயன் என்றுதான் இருந்தது.

கடைசிப் பக்கம்.
'இவ்வருமானத்தின் பயனுறு உரிமையாளர் நானே.
பொய்யெனில் தண்டனைக்கு உட்படுவேன்.'
அதன்மேல் விரல் சற்று நின்றது.
கேமரா என் நாத்தனாருடையது.
நகம் அவருடையது.
மேஜை வீட்டுக்காரம்மாளுடையது.
கவலை யார் பெயரில் இருக்கிறதென்று
பிரித்துக் கேட்கவில்லை படிவம்.
டிக் அடித்தேன்.

ராத்திரி புது ரசீதோடு வந்து உட்கார்ந்தார் தனகோட்டி.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
நெற்றிக்குக் கை போனது.
கொஞ்சம் வெளிச்சப் பக்கமாகத் திரும்பி,
காத்திருந்து,
'எடுக்கலியா?' என்றார்.

நடிக்கிறார் இப்போது.
விற்காது.